வெள்ளைப் பூ வந்தால் பொய்க் கோளாறு

ஊருக்கு நாலு முட்டாள் இருப்பார்கள் என்று சொல்வது வழக்கம். எங்கள் ஊரில் மூன்று பேர்தான். ஆனால் மூவரும் ஒரே கம்பெனியில் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்ததால் நாலாவது ஆளின் குறை யாருக்கும் தெரியவில்லை.

காங்கேயம் போகும் சாலையில், ஒரு டயர் கடைக்கு மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. முதலாளி பெயர் குழந்தைவேல். நல்ல மனிதர், கெட்டிக்காரர். கெட்டிக்காரருக்கு ஏன் இப்படிப்பட்ட ஆட்கள் என்று கேட்காதீர்கள். கெட்டிக்காரர்கள் எல்லோரும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள்.

மூவரில் முதலில் பிறந்தவர் நாச்சிமுத்து. அதனால் அவரே தலைவர். அடுத்தவன் சென்னியப்பன்; எதையும் யோசிப்பதற்கு முன்பே ஒப்புக்கொள்கிறவன். மூன்றாவது பூங்கோதை; பொய் என்ற சொல்லைக் கேட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற பெண். சொன்ன பேச்சைத் தட்டாமல் அப்படியே செய்வதில் மூவரும் ஒருவரை ஒருவர் மிஞ்சியவர்கள். அங்கேதான் வம்பே.

குழந்தைவேல் பால் பண்ணைக்காக ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். பண்ணைக்காரி சாமியாத்தாள் சுற்றுப்பட்ட ஊர்களில் எல்லாம் பால் எடுப்பவர். ஊருக்கு ஊர் ஒரு கொட்டகை. காலையில் ஜனங்கள் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மெஷின் அளவும் கொழுப்பும் பார்க்கும். புரோகிராம் சீட்டு அடித்துத் தரும். பிறகு பால் வண்டியில் ஏறும். அதை இரண்டு மூன்று ஊரில் மட்டும் வெள்ளோட்டம் விட்டிருந்தார்கள். சாமியாத்தாள் வாய்தான் சட்டம்.

"கரண்ட்டு போகும், ஒயரு அறும், மெஷினு மக்கர் பண்ணும், அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று குழந்தைவேலிடம் சொல்லியிருந்தார். "என்ன கோளாறு வந்தாலும் பாலு நிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காத்தால நானே வந்து பார்ப்பேன். பாலு ஏறி வண்டி போச்சுன்னா என்ர எல்லா ஊருக்கும் உங்க வேலைதான். நின்னுதுன்னா கோயம்புத்தூர்க்காரங்களைக் கூப்பிட்டுப்போடுவேன்."

கோயம்புத்தூர்க்காரர்கள் வந்தால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். கம்பெனிக்கு வேறு வேலை கிடையாது. மூவருக்கும் வேறு எங்கும் வேலை கிடைக்காது. இது அவர்களுக்கே தெரியும். அதனால்தான் இந்தத் தடவை மிகவும் கவனமாக இருப்பது என்று முடிவு செய்தார்கள். வினை அங்கே ஆரம்பித்தது.

கம்ப்யூட்டர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள், அது ஓடும்போதே, ஒரு குட்டி ஸ்கிரிப்டைச் செலுத்துவார்கள். அந்த ஸ்கிரிப்ட் வேண்டுமென்றே கோளாறு செய்யும், பதிலைத் தாமதப்படுத்தும், மெஷின் செத்துப்போனதாகப் புளுகும். அப்போது புரோகிராம் சமாளிக்கிறதா, முழி பிதுங்கி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். புது மருமகள் சமைக்கும்போது உப்பு டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிற மாமியார் வேலைதான். ஆனால் இதற்குச் சம்பளம் உண்டு.

குழந்தைவேல் மைத்துனன் கல்யாணத்துக்குத் தாளவாடிப் பக்கம் போக வேண்டியிருந்தது. போகிறபோது மூவரையும் நிற்கவைத்துப் பாடம் சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. ஓடுற புரோகிராமை நிறுத்தாம ஸ்கிரிப்டைச் செலுத்திப் பாருங்க. முதல்ல ஒரே ஒரு சின்ன இடத்துல மட்டும் பண்ணுங்க. எப்ப, என்ன கோளாறுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நிஜக் கோளாறு சொல்லிட்டா வருது? பார்த்து முடிஞ்சதும் மறக்காம எடுத்துடுங்க. நிஜமாவே ஏதாச்சும் ஆச்சுன்னா மட்டும் எனக்குப் போன் பண்ணுங்க."

"சரிங்க சார்" என்றான் சென்னியப்பன், அவர் முடிப்பதற்குள்.

அவர் ஏறிய பஸ் கிளம்பியது. மூவரும் கூடி யோசித்தார்கள்.

"முதல்ல சின்ன இடம் எதுன்னு கண்டுபிடிக்கோணும்" என்றார் நாச்சிமுத்து. கீழே டயர் கடையில் ஓர் அளவு டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு வெள்ளோட்டம் விட்ட ஊர்களுக்கெல்லாம் போய்க் கொட்டகைகளை அளந்தார்கள். நொச்சிப்பாளையத்துக் கொட்டகைதான் எல்லாவற்றையும் விடக் குறுகல். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், இரண்டு பேர் சேர்ந்து தும்ம முடியாத இடம். ஆனால் அது நாலு சாலை கூடும் ஊர். சாமியாத்தாளின் பாலில் பாதி அங்கேதான் வந்து விழும். அதை அளக்க டேப்பில் கோடு இல்லை.

"அண்ணா, ஒரு சந்தேகங்க" என்றாள் பூங்கோதை. "மெஷின் நல்லா இருக்கறப்ப கெட்டுப்போச்சுங்கறது பொய்தானுங்களே? பாவமில்லீங்களா?"

நாச்சிமுத்து நெடுநேரம் யோசித்தார். "முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கிட்டா பாவம் பாதியாப் போயிரும், அம்மிணி." கம்ப்யூட்டருக்கு முன் சூடம் கொளுத்தினார்கள். தேங்காயையும் அங்கேயே உடைத்ததில் கீபோர்டில் ஒரு வரிசை நனைந்தது. மற்ற வரிசைகள் காய்ந்திருந்ததால் கவலைப்படவில்லை.

"இன்னொண்ணு" என்றார் நாச்சிமுத்து. "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சாரு சொல்லிட்டுப் போயிருக்காரு. நாம மூணு பேரும் 'யாரு'ல சேர்த்தியா, இல்லையா?"

"நாமளும் ஆளுகதானுங்களே" என்றாள் பூங்கோதை.

"அப்ப நமக்குள்ளயும் சொல்லக் கூடாது. அவங்கவங்க தனித்தனியாப் போயிச் செலுத்தோணும்."

"சரிங்க" என்ற சென்னியப்பனுக்கு உடனே ஒரு கவலை வந்தது. "நான் போடறது எனக்கே தெரிஞ்சிருமேங்ண்ணா?"

சென்னியப்பனே வழி கண்டுபிடித்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தட்டினான். எத்தனை நொடி தாமதம் என்று கேட்ட இடத்தில் ஒரு ஒன்பதை அழுத்திவிட்டு, விரலை எடுக்க மறந்துபோனான்.

அதற்கு முன்பே நாச்சிமுத்து அளவு பார்க்கும் மெஷின் மெதுவாகப் பதில் சொல்லும்படி செலுத்தியிருந்தார். அதற்குப் பிறகு பூங்கோதை, சீட்டு அடிக்கும் மெஷின் இல்லவே இல்லை என்று ஒரு பொய்யைச் செலுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவர் செய்தது ஒருவருக்குத் தெரியாது.

புதன்கிழமை காலையில் நொச்சிப்பாளையத்தில் பால் வரிசை தொட்டியைச் சுற்றி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி நின்றது. முதல் ஆள் ஊற்றிய பாலையே மெஷின் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. கொட்டகையிலிருந்து கம்பெனிக்குப் போன் வந்தது.

"ஏனுங், மெஷின் நின்னுபோச்சுங்களே, என்னாச்சுங்க?"

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று நாச்சிமுத்து பணிவாகச் சொல்லிப் போனை வைத்தார். பூங்கோதை அவரைப் பெருமையோடு பார்த்தாள். பொய்யே இல்லாத பதில்.

வெயில் ஏறியது. கேன்களைக் கழுவுகிறவன் முந்தின நாள் சரியாகக் கழுவாமல் விட்டிருந்தான். பால் பாலாகவே எவ்வளவு நேரம்தான் இருக்கும்? மத்தியானம் சாமியாத்தாள் மாடிப்படி ஏறி வந்து ஒரு தூக்குப்போசியை மேஜைமேல் 'ணங்' என்று வைத்தார். உள்ளே கெட்டித் தயிர்.

"இது என்னன்னு பாரு கண்ணு" என்றார். இப்படி அவர் 'கண்ணு' போட்டால் எதிராளி ஓடிவிட வேண்டும். அது மூவருக்கும் தெரியவில்லை.

"கொஞ்சம் இருங்க்கா" என்று நாச்சிமுத்து மற்ற இருவரையும் மூலைக்கு அழைத்துப் போனார். "கோளாறு பொய். தாமதம் பொய். அப்ப அதனால வந்த தயிரு?"

"பொய்த் தயிருங்க" என்றான் சென்னியப்பன்.

"தொட்டா விரல்ல ஒட்டுதுங்களே" என்றாள் பூங்கோதை.

மூவரும் ஆளுக்கு ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு இன்னொரு கரண்டி. உப்புப் போட்டு ஒரு கரண்டி. போசி காலியானதும் நாச்சிமுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டு சாமியாத்தாளிடம் வந்தார். "நிஜத் தயிராட்டமே இருக்குதுங்க்கா. அச்சு அசல். கோயம்புத்தூர்க்காரங்களால இப்படிப் பண்ண முடியாதுங்க."

சாமியாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குழந்தைவேலு முகத்துக்காகப் பார்க்கறேன். நாளைக்குக் காத்தால இது சுருக்கா நடக்கோணும்" என்று சொல்லிக் காலிப் போசியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இப்போது மூவரும் மாறி மாறிக் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டு வந்தார்கள். தயிர் பாதி, பயம் பாதி. செலுத்தியதை எடுத்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எதை எடுப்பது? யார் எதைப் போட்டார்கள் என்று சொல்லக் கூடாதே! சென்னியப்பனுக்கோ தான் போட்டதே தெரியாது. இது பொய்க் கோளாறா, நடுவில் நிஜக் கோளாறும் புகுந்துவிட்டதா என்றும் தெரியவில்லை. நிஜமென்றால் முதலாளிக்குப் போன் பண்ண வேண்டும். பொய்யென்றால் பண்ணக் கூடாது.

"பூப்போட்டுக் கேட்டிரலாமுங்க" என்றாள் பூங்கோதை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், காடு வாங்குவது, கிணறு வெட்டுவது எதுவானாலும் கோயிலில் பூக் கேட்பது உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். நம்பிக்கையான வழக்கம்தான். கம்ப்யூட்டர் முன்னால் போடுவதைத்தான் நான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன். வெள்ளை வந்தால் பொய்க் கோளாறு, சிவப்பு வந்தால் நிஜம் என்று வேண்டிக்கொண்டு அரளிப் பூவைப் போட்டார்கள். வெள்ளை வந்தது. அதனால் போன் பண்ணவில்லை.

"ஆனா காத்தால சுருக்கா நடக்கோணுமே" என்றார் நாச்சிமுத்து.

சென்னியப்பன் வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக ஒரு வழி கண்டுபிடித்தான். "அண்ணா, பஸ்ஸு லேட்டா வந்தா நாம என்ன பண்றோம்? முன்னாடியே கிளம்பிடறோம். அதே மாதிரி, மெஷின் லேட்டாப் பதில் சொல்லுதுன்னா, பாலு வர்றதுக்கு முன்னாடியே சீட்டை அடிச்சிட்டா ரெண்டும் சரியாப் போயிருமுங்களே?"

அறிவு ஒரு வீட்டுக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று மூவரும் நினைத்துக்கொண்டார்கள். ஆட்கள் பெயரைச் சொன்னதும், பாலைப் பார்க்காமலே வாய்க்கு வந்த அளவில் சீட்டு அடிக்கும்படி ஒரு புது ஸ்கிரிப்டைச் செலுத்தினார்கள். சீட்டு மெஷின் இல்லை என்ற தன் பொய்யைப் பூங்கோதை ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டாள். மனசாட்சி உறுத்தியதாம்.

வியாழக்கிழமை நொச்சிப்பாளையத்து வரிசை தண்ணீராக ஓடியது. பெயர் சொன்னால் சீட்டு. முதலில் வந்தவர்களுக்குப் புரியவில்லை. இரண்டாவதாக வந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. காலிக் கேனோடு வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் கேனையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். மாடு வற்றிப் பல நாளான ஓர் அம்மாளுக்கு ஆறு லிட்டர் என்று சீட்டு வந்தது. அவர் மெஷினை நம்பி வீட்டுக்குப் போய் மாட்டைக் கறந்து பார்த்தார். மாடு மெஷினை நம்பவில்லை. ஓர் உதை விட்டது.

நியாயமான பெண்கள் சிலர் மட்டும், "இந்தப் பைத்தியத்தை நம்பினா நம்ம பாலுக்குக் கணக்கு நிக்காது" என்று சொல்லி, பழைய லிட்டர் குவளையைத் தேடி எடுத்து அளந்து ஊற்றிவிட்டு, கொட்டகைச் சுவரில் கரியால் அவரவர் பெயருக்கு நேரே கோடு போட்டார்கள். முந்தின நாள் தயிரான பாலுக்கும் இப்படித்தான் கோடு போட்டிருந்தார்கள். வண்டி பாதி காலியாகப் போனது.

சாமியாத்தாள் போனில் கத்தினார். "சீட்டு மூட்டை மூட்டையா இருக்குது. பாலு எங்கடா?"

"வருமுங்க்கா" என்றார் நாச்சிமுத்து. "சீட்டு மட்டும் கொஞ்சம் முன்னாடி வந்திருச்சு."

அன்று சாயங்காலம் மாடியில் ஓர் அணில் பேட்டரிப் பெட்டிக்குப் போகும் ஒயரைக் கடித்துவிட்டது. 'பட்' என்று ஒரு சத்தம். பெட்டியிலிருந்து கரும்புகை கிளம்பியது.

மூவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

"வாசம் வரைக்கும் நிஜமாட்டமே இருக்குதுங்க" என்றாள் பூங்கோதை இருமிக்கொண்டே.

தங்களில் யாரோ ஒருவர்தான் இதைச் செலுத்தியிருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். கேட்கக் கூடாது. அதனால் மற்ற இருவரையும் பார்த்து மரியாதையாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பூவும் போட்டார்கள். அரளி கருகத் தொடங்கியிருந்தது. இருந்தாலும் வெள்ளைதான் என்று அடையாளம் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் குழந்தைவேல் கல்யாணச் சாப்பாட்டுப் பையோடு படியேறி வந்தார். புகையைப் பார்த்தார். பையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடி, டயர் கடை மணல் வாளிகளைத் தூக்கி வந்து கொட்டி நெருப்பை அணைத்தார்.

"பாவம், சாருக்குத் தெரியாது" என்று நாச்சிமுத்து மெதுவாகச் சொன்னார். "பொய்ப் புகைக்கு நிஜ மண்ணைக் கொட்டிட்டாரு."

குழந்தைவேல் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று தெரிகிற அளவுக்கு அவர் கெட்டிக்காரர்தான். ஒயரை மாற்றினார். புரோகிராமுக்குள் புகுந்து செலுத்தியிருந்த ஸ்கிரிப்டையெல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கி எறிந்தார். அவருக்கு அழுகையே வந்தது. இந்தப் புரோகிராமைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்திருந்தார். விடியும்போது எல்லாம் பழையபடி பளிச்சென்று ஓடியது. நேரே நொச்சிப்பாளையம் போய்க் கொட்டகை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தவர் அப்படியே கண் அயர்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை. சாமியாத்தாள் வந்து வண்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். மூவரும் மடியில் லேப்டாப்போடு தொட்டிக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜனங்கள் பாலை ஊற்றினார்கள். மெஷின் பார்த்தது. சீட்டு வந்தது. அடுத்த ஆள். மறுபடி சீட்டு. சாமியாத்தாள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வர ஆரம்பித்தது.

பூங்கோதை திரையை உற்று உற்றுப் பார்த்தாள். "அண்ணா, ஒரு கோளாறையும் காணோமுங்க. எனக்குப் பயமா இருக்குது."

நாச்சிமுத்துவும் வியர்த்துப் போயிருந்தார். "அதைத்தான் நானும் பார்க்கறேன். ரெண்டு நாளா இருந்தது என்ன, இன்னிக்கு இருக்கறது என்ன? இது இயற்கையா இல்லை. யாரோ நல்லா ஓடற மாதிரி ஒரு பொய்யைச் செலுத்தியிருக்காங்க."

"அக்கா வேற பார்த்துட்டு நிக்கறாங்க" என்றான் சென்னியப்பன். "பொய்யைக் காட்டி வேலை வாங்கினா அது மோசடிங்களே."

பூங்கோதை கன்னத்தில் போட்டுக்கொண்டு மடியிலிருந்து பூப்பொட்டலத்தை எடுத்தாள். போட்டார்கள். வெள்ளை வந்தது.

"பொய்யேதான்" என்றார் நாச்சிமுத்து. "பார்த்து முடிஞ்சதும் எடுத்துடச் சொல்லியிருக்காரு சாரு. எடுத்துடுவோம்."

லேப்டாப் வழியாக மெஷினுக்குள் புகுந்து தேடினார்கள். தாங்கள் போட்டது எதுவும் அங்கே இல்லை. முன்பின் பார்த்திராத ஒரே ஒரு பெரிய சாமான் மட்டும் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதுதான் புரோகிராம். இத்தனை நாளில் அதை மூவரும் திறந்து பார்த்ததே இல்லை. "எவ்வளவு பெரிய பொய்!" என்று வாயைப் பிளந்தார்கள். அதை வேரோடு அழித்தார்கள். பழைய நகல் ஒன்று ஓரத்தில் இருந்தது. பொய் மறுபடியும் முளைத்துவிடக் கூடாது என்று அதையும் அழித்தார்கள்.

மெஷின் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது.

குழந்தைவேல் திடுக்கிட்டு விழித்தார். திரையைப் பார்த்தார். திரையில் ஒன்றுமே இல்லை. "புரோகிராம் எங்கப்பா?" என்றார். மூவரும் உதட்டை இறுக மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் வரிசையில் நின்றவர்கள் யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மறுபடியும் போச்சா?" என்றாள் ஒருத்தி. லிட்டர் குவளை வந்தது. பால் அளந்து கேனில் விழுந்தது. சுவரில் கரிக்கோடு விழுந்தது. காலிக் கேனோடு வந்தவன் ஒருவனை நாலு பெண்கள் சேர்ந்து வீட்டுக்கு விரட்டினார்கள். கேன்கள் ஏறின. ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டு, என்றைக்கும் இல்லாத அதிசயமாக நேரத்துக்கே கிளம்பினான்.

சாமியாத்தாள் வண்டி போன திசையைப் பார்த்தார். செத்துப்போன மெஷினைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"என்ன கோளாறு வந்தாலும் பாலு நிக்கக் கூடாதுன்னு சொன்னேன்" என்றார். "நிக்கலை."

குழந்தைவேல் தலையை நிமிர்த்தினார்.

"வாக்கு வாக்குத்தான். என்ர எல்லா ஊருக்கும் உங்க வேலைதான், தம்பி. இதே புரோகிராமைத்தான் போடோணும்."

"இது... இப்ப இல்லீங்களே, அக்கா."

"அதுதான் வேணும். உங்க ஆளுக மூணு பேரும் ஒவ்வொரு ஊருலயும் ரெண்டு நாளைக்கு இதே கூத்தை அடிச்சுப்போட்டு, மூணாவது நாளு இதே மாதிரி எடுத்துடோணும். அப்பறம் என்ர ஆளுக பார்த்துக்குவாங்க."

சாமியாத்தாள் போனபிறகு குழந்தைவேல் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வேலை நிலைத்துவிட்டது. ஆனால் நாச்சிமுத்து பொறுப்பான தலைவர்.

"ஊர் ஊராப் போடப் போறோம். இல்லாத புரோகிராமுல கோளாறு வந்துட்டா? செலுத்திப் பார்த்துடறது நல்லது."

தனித்தனியாகப் போய், ஒருவருக்கு ஒருவர் சொல்லாமல், செலுத்தினார்கள். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதை நெடுநேரம் அழுத்தினான். காத்திருந்தார்கள். ஒரு தாமதம் இல்லை. ஒரு பிழை இல்லை. திரை அசையவே இல்லை. இவ்வளவு திடமான புரோகிராமை அவர்கள் கண்டதே இல்லை.

பூப்போட்டார்கள். முதல் தடவையாகச் சிவப்பு வந்தது. நிஜம்!

நாச்சிமுத்து பரபரப்பாகப் போனை எடுத்தார். பக்கத்து ஸ்டூலில் குழந்தைவேலின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் பெயரைப் பார்த்தார். கை எட்டும் தூரத்தில் நின்ற நாச்சிமுத்துவைப் பார்த்தார். என்ன செய்வார் மனிதர், எடுத்துக் காதில் வைத்தார்.

"என்னப்பா ஆச்சு? சொல்லு."

"அதுதானுங்க சார்" என்றார் நாச்சிமுத்து மிகுந்த வருத்தத்தோடு, "சொல்லக் கூடாதுங்களே." போனை வைத்துவிட்டார்.